பழைய யூத ஜெபக்கூடத்தின் வாசற்கதவைச் சீரமைப்பது எப்படி: கேரளத்து ஜூதப்பள்ளிகளை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டாஞ்சேரி, எர்ணாகுளம், பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று மத்திய கேரளத்தில் நிற்கும் பழைய யூத ஜெபக்கூடங்களின் மரவேலை நம் ஊர்த் தச்சருக்கு அந்நியமாகத் தெரியாது. கனத்த நிலை, இரட்டைக் கதவு, குடுமியில் (கதவின் மேலும் கீழும் நீண்டிருக்கும் முளையில்) சுழலும் அமைப்பு, உள்ளே குறுக்குத் தாழ் என்று பழைய வீட்டுக் கதவைப் பார்ப்பது போலவே இருக்கும். நல்ல கைகாரர்கூட அங்கே போய் இடறுவது இதனால்தான். தெரிந்த கதவுதானே என்று நேராக உளியை எடுத்துவிடுகிறார்.

அப்படி ஒரு கதவில் தொடக்கம் முதல் முடிவு வரை வேலை செய்திருக்கிறேன். பிறகு புதிதாக வந்தவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் கைத்திறன் குறைவால் வந்தவை இல்லை. பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்ததால் வந்தவை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. எந்தக் கதவு, யாருடைய அனுமதி

இங்கே வாசற்கதவு என்றால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். தெருவை ஒட்டிய வாயில் கட்டடத்தின் கதவு ஒன்று. அதைக் கடந்து உள்ளே போனால் அஸாரா என்கிற முன்கூடம் வரும். அங்கிருந்து தொழுகைக் கூடத்துக்குள் திறக்கும் கதவு இன்னொன்று. வெளிக்கதவு மழையிலும் வெயிலிலும் அடிபட்டது. உள்கதவு நிழலில் இருந்தாலும் கைபட்டுத் தேய்ந்தது, கறையான் கண்டது. இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்யக் கூடாது.

திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். எருசலேம் கேரளத்துக்கு மேற்கே இருக்கிறது. அதனால் யூதர்களின் வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருக்கும், நுழைவு பெரும்பாலும் எதிர்ப்பக்கம் வரும். கிழக்கு பார்த்த கதவைக் காலை வெயிலும் ஐப்பசி மழையும் மாறிமாறித் தாக்கும். கதவின் கீழ்ப்பாதியில் மட்டும் பெயிண்ட் செதில் செதிலாக எழுந்திருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கட்டடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறதா, யூத சமூக அறக்கட்டளையிடம் இருக்கிறதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகச் சம்மதம் சொன்னவர் மாறிப்போனால் பாதிக் கழற்றிய கதவோடு நிற்க வேண்டி வரும். கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆகவே பதில் கடல் கடந்து வர வேண்டியிருக்கலாம். அதற்கான நாட்களையும் திட்டத்தில் சேருங்கள்.

2. நாள் குறிப்பது

மர வேலைக்கு உகந்த காலம் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கும். அப்போது இழைத்துச் சரிசெய்த கதவில் தை மாதம் விரல் நுழையும் இடைவெளி விழும்.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்போது முடிகிறது. அந்த நேரத்தில் எந்த வேலையும் கிடையாது. வேலை செய்பவர் யூதர் இல்லை என்பதால் இந்த விதி தளர்ந்துவிடாது. வேலை நடப்பது அவர்களுடைய ஜெபக்கூடத்தில். நான் வெள்ளிக்கிழமை மதியத்தோடு கருவிகளைக் கட்டிவிடுவேன், ஏனென்றால் தூசி துடைத்து வாசலைப் பூட்டும்படி ஆக்க இரண்டு மணி நேரம் பிடிக்கும். செப்டம்பர், அக்டோபரில் புத்தாண்டு, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை, சிம்ஹத் தோரா என்று தொடர்ந்து திருநாள்கள் வரும். மார்ச் அல்லது ஏப்ரலில் பஸ்கா வரும். அவர்களுடைய நாட்காட்டி சந்திரனை ஒட்டியது. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

3. கருவியைத் தொடும் முன் மெசூசா

மெசூசா என்பது தோலில் கையால் எழுதிய சிறு சுருள். உபாகமம் 6:4-9, 11:13-21 ஆகிய பகுதிகள் அதில் இருக்கும். அதை ஒரு கூட்டுக்குள் வைத்து, உள்ளே நுழைபவரின் வலப்பக்க நிலைக்காலில், உயரத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு தொடங்கும் இடத்தில் பொருத்துவார்கள். வெறும் தொழுகைக்கான கட்டடத்துக்கு இது கட்டாயமா என்பதில் அவர்களுடைய சட்ட நூல்களில் விவாதம் உண்டு. ஆனாலும் பல ஜெபக்கூடங்களில் வைத்திருப்பார்கள்.

கூடு இருந்தால் அதை நீங்கள் கழற்றாதீர்கள். சமூகத்தைச் சேர்ந்தவரோ அவர்கள் சொல்லும் ஆளோ கழற்றட்டும். சுருளைப் பிரித்துப் பார்க்க வேண்டாம். எழுத்து உதிர்ந்திருந்தாலும் அதில் இறைவனின் பெயர் இருப்பதால் குப்பையில் போடவோ எரிக்கவோ மாட்டார்கள். கெனிசா என்கிற சேமிப்பில் வைத்துப் பிறகு அடக்கம் செய்வார்கள். பொது இடத்தின் மெசூசாவை 50 ஆண்டுகளுக்கு இருமுறை சோதிக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. கதவு கழன்றிருக்கும் காலம் அதற்கும் வசதியாக இருக்கும், நினைவூட்டுங்கள்.

கூடு இல்லாவிட்டால்தான் அதிகக் கவனம் தேவை. நான் பார்த்த ஒரு கதவு நிலையின் வலப்பக்கக் காலில், என் தோள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு சாண் நீளத்தில் பெயிண்ட் மெலிந்த பட்டை இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு ஆணித் துளைகள். அதைச் சுற்றி மட்டும் மரம் பளபளவென்று கறுத்திருந்தது. உள்ளே நுழைபவர்கள் மெசூசாவைத் தொட்ட விரலை உதட்டில் ஒற்றிக்கொள்வார்கள். எத்தனையோ தலைமுறையின் விரல் அங்கே பட்டிருக்கிறது. புதிதாக வந்த தம்பி ஒருவர் நல்ல எண்ணத்தில் அந்த இரண்டு துளையையும் மக்கு வைத்து அடைத்து உப்புத்தாள் போட்டுவிட்டார். பத்து நிமிட வேலை. மக்கைத் தோண்டி எடுத்துவிட்டோம், அந்தப் பளபளப்பு திரும்பவில்லை. அதிலிருந்து முதல் நாளே அந்த இடத்தில் துணி சுற்றி, "தொடாதே" என்று எழுதிக் கட்டிவிடுகிறேன்.

4. பதிவு செய்வது

கதவை முன்னும் பின்னும், திறந்தும் மூடியும், பக்கவாட்டு வெளிச்சத்திலும் படம் எடுங்கள். டார்ச்சைப் பலகையோடு ஒட்டிப் பிடித்தால் நேர் வெளிச்சத்தில் தெரியாத உளிக் கோடுகளும் பழைய ஒட்டும் எழுந்து நிற்கும்.

பிறகு அளவு. நிலையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து, தூக்குக்குண்டு விட்டுச் சாய்வைக் குறியுங்கள். கதவுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியை எட்டு இடங்களில் நூல் கணக்கில் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) எழுதுங்கள். திரும்ப மாட்டும்போது உங்களுக்கு வேறு சாட்சி கிடையாது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்ட தகர வில்லையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். மரத்தின் மேலேயே மார்க்கரால் எழுதினால் மை உள்ளே இறங்கிவிடும். உள்ளூர் ஆசாரியோடு பேசும்போது ஒரு சொல்லை மனதில் வையுங்கள். நாம் நிலை என்பதை அங்கே கட்டிளை என்பார்கள்.

கதவிலோ மேல்படியிலோ அருகிலுள்ள கல்லிலோ எபிரேய எழுத்து இருந்தால், எழுத்தைவிட அதன் மேலுள்ள புள்ளிகளைக் கவனியுங்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. ஒரு வசனத்தில் சில எழுத்துகளின் தலையில் மட்டும் புள்ளி வைத்து, அவற்றைக் கூட்டினால் ஆண்டு வரும்படி எழுதுவது வழக்கம். ஆயிரத்தின் இலக்கத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மட்டாஞ்சேரி பரதேசி ஜெபக்கூடம் எழுந்த 1568, அவர்கள் கணக்கில் 5328. சுருக்கி எழுதினால் 328. அழுக்கு என்று நினைத்து ஒரு புள்ளியைச் சுரண்டினால் ஆண்டே மாறிவிடும். மங்கிய எழுத்தின் மேல் புதுப் பெயிண்ட் ஓட்டுவதும் வேண்டாம். எழுத்துத் தெரியாதவர் ஓட்டும்போது ஒன்றுபோல் இருக்கும் இரண்டு எழுத்துகள் இடம் மாறிவிடுகின்றன.

5. தண்ணீர் எங்கிருந்து வருகிறது

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. நிலைக்காலின் அடி உளுத்துப்போயிருந்தால் குற்றம் மரத்தில் இருப்பது அபூர்வம். அங்கே வந்து தேங்கும் தண்ணீர்தான் காரணம்.

இந்தக் கட்டடங்களின் சுவர் செம்புறாங்கல், பூச்சு சுண்ணாம்பு. தரையிலிருந்து ஈரம் ஏறினாலும் சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். பின்னாளில் யாராவது வாசலில் சிமென்ட் பூசியிருந்தால் அந்த வழி அடைபட்டு, ஈரம் அடுத்த இளகிய பொருளான மரத்துக்குள் போகிறது. நிலைக்காலைச் சுற்றிச் சிமென்ட் காலர் கட்டியிருந்தால் இன்னும் மோசம். அது மரத்தை ஒரு கிண்ணத்தில் நிற்க வைத்த மாதிரி.

செய்ய வேண்டியது: சிமென்டைச் சின்ன உளியால் துண்டு துண்டாக எடுங்கள். இயந்திரம் வைத்து உடைத்தால் கல் பிளக்கும். வாசலில் தண்ணீர் தெருப்பக்கம் ஓடும்படி வாட்டம் கொடுங்கள். மேலே ஓட்டிலிருந்து சொட்டும் இடம் கதவின் முன் விழுகிறதா என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுவர் காய ஒரு மாதமாவது விடுங்கள். ஈரமான சுவரில் புதுத் துண்டு வைத்தால் மூன்று மழையில் அதுவும் போய்விடும், உங்கள் வேலைமேல் பழி வரும்.

6. கதவைக் கழற்றுவது

ஏழடி உயரம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனம் உள்ள தேக்குக் கதவு 40 கிலோவுக்கு மேல் வரும். இரும்புப் பட்டை சேர்ந்தால் இன்னும் கூடும். மூன்று பேர் வேண்டும்.

குடுமிக் கதவில் மேல் குடுமி எப்படி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். மேல்குழி ஆழமாக இருந்தால் கதவைத் தூக்கி, அடியை வெளியே இழுத்து இறக்கலாம். தனிக் கட்டையில் துளையிட்டு நிலையோடு அடித்திருந்தால் அந்தக் கட்டையைத்தான் கழற்ற வேண்டும். இது தெரியாமல் கடப்பாரை போட்டு நெம்பினால் குடுமி முறியும். குடுமி கதவுச் சட்டத்தோடு ஒரே மரம். முறிந்தால் சட்டம் முழுவதும் போன கணக்கு.

நிலையைக் கழற்றாதீர்கள். சுவரோடு சேர்ந்து பாரம் தாங்கும் நிலைகள் உண்டு. நின்ற இடத்திலேயே ஒட்டுப்போடலாம்.

கதவைப் படுக்கையாக, மூன்று கட்டைகள் மேல், நிழலில் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு வாரத்தில் முறுக்கிக்கொள்ளும். அன்று மாலைக்குள் வாசலுக்குத் தற்காலிகப் பலகைக் கதவும் பூட்டும் தயாராக இருக்க வேண்டும்.

7. பெயிண்டை எவ்வளவு எடுப்பது

முழுக்க உரித்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் கை துடிக்கும். தேக்கின் நிறம் கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் அந்தக் கதவு எப்போதும் பெயிண்ட் பூசியே இருந்திருந்தால் அதை நிர்வாணமாக்குவது சீரமைப்பு ஆகாது.

மறைவான ஒரு மூலையில், குடுமிப் பக்கம், இரண்டு அங்குலச் சதுரத்தில் படிக்கட்டு மாதிரி அடுக்கு அடுக்காகச் சுரண்டுங்கள். உருப்பெருக்கியில் ஒவ்வொரு நிறத்தையும் எண்ணிப் படம் எடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு சதுரத்தைத் தொடாமல் விடுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல கருவியோடு வருபவருக்கு அது வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 90 பங்கை)த் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் வறட்டு உப்புத்தாள் கூடாது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிச் சுரண்டுங்கள். நல்ல முகமூடி போடுங்கள், கீழே தார்ப்பாய் விரித்து விழுந்ததைப் பையில் கட்டுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போகாதீர்கள், குழந்தைகள் இருக்கும். காஸ்டிக் சோடா தொட்டியில் கதவை ஊறவைப்பதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தேக்கு கறுத்துப்போவதோடு கழுந்துகளும் (சட்டங்களைக் கோக்கும் மர மூட்டுகளும்) இளகும்.

எழுந்து நிற்கும் செதில்களை மட்டும் எடுங்கள். இறுகப் பிடித்திருக்கும் பழைய பூச்சு அடுத்த பூச்சுக்கு நல்ல தளம்.

8. பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா

துளைகளைப் பார்த்ததும் மருந்து அடிக்க வேண்டாம். எல்லாம் 100 ஆண்டுப் பழைய துளைகளாகவும் இருக்கலாம். கதவின் அடியில் கறுப்புக் காகிதம் விரித்துப் பத்து நாள் விடுங்கள். புதிதாக மாவு போன்ற தூள் விழுந்தால் வண்டு. கசகசா போன்ற மணிகள் விழுந்தால் உலர்மரக் கறையான். மண் குழாய் சுவர்வழி ஏறினால் அது தரைக் கறையான். அதற்கு வைத்தியம் மண்ணில்தான் தொடங்க வேண்டும்.

உயிரோடு இருந்தால் போரேட் கரைசலைத் தூரிகையால் இரண்டு மூன்று முறை தடவி உலரவிடுங்கள். அது நீரில் கரையும் மருந்து, மழை பட்டால் வெளியேறிவிடும். மேலே எண்ணெயோ பெயிண்டோ கட்டாயம். கழிவு எஞ்சின் ஆயில் பூசுவது பல இடங்களில் பழக்கம். அதன் பிறகு பசையும் பிடிக்காது, பெயிண்டும் பிடிக்காது, தொழுகைக் கூடத்துக்குள் நாற்றம் மாதக்கணக்கில் நிற்கும்.

9. புதுத் துண்டு ஒட்டுவது

வேலையின் உயிர் இங்கேதான்.

எவ்வளவு வெட்டுவது என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். கூரான ஊசிக்கோலால் குத்திப் பாருங்கள். இரண்டு நூலுக்கு மேல் எளிதாக இறங்கும் இடம் போன மரம். இறங்காத இடம் எவ்வளவு அசிங்கமாகத் தெரிந்தாலும் நல்ல மரம். போன இடத்துக்கு மேல் இரண்டு அங்குலம் வரை மட்டும் வெட்டுங்கள்.

பழைய கட்டட மரம் விற்கும் கடையில் அதே இனத் துண்டை வாங்குங்கள். தேக்குக்குத் தேக்கு, ஆஞ்சிலிக்கு ஆஞ்சிலி. ஈரமானியால் இரண்டையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்தத் துண்டைக் கட்டடத்துக்குள்ளேயே சில வாரம் கிடத்துங்கள். அதே காற்றுக்குப் பழகாத மரம் ஒட்டிய பிறகு சுருங்கி, கோடு விடும்.

நிலைக்காலில் நேர்வெட்டு வேண்டாம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஆறு முதல் எட்டு அங்குலம் நீளும் சாய்வெட்டாக வெட்டுங்கள். பசை பிடிக்கும் பரப்பு பெருகும். சாய்வு தெருப்பக்கம் இறங்க வேண்டும். உள்பக்கம் இறங்கினால் மழைநீர் ஒட்டின் வழியே மரத்தின் நெஞ்சுக்குள் போகும். புதியவர்கள் அடிக்கடி தலைகீழாக வெட்டுவது இதில்தான். வெட்டும் முன் சாக்கட்டியால் பக்கவாட்டில் கோடு போட்டு, அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு, பசையைத் தள்ளும். ஒட்டும் முகத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, கால்மணி நேரத்துக்குள் ஒட்டுங்கள். இரும்பு ஆணிக்குப் பதில் மர முளை அடியுங்கள். கடற்காற்றில் இரும்பு துருப்பிடித்து வீங்கி, மரத்தைப் பிளக்கும்.

கதவின் நடுப்பலகைகள் சட்டத்தின் காடியில் (நீள் பள்ளத்தில்) தளர்வாக நிற்பது வேண்டுமென்றே செய்தது. ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் அவற்றுக்கு இடம் வேண்டும். ஆடுகிறதே என்று பசை ஊற்றினால் அடுத்த கோடையில் பலகை நடுவில் வெடிக்கும்.

செதுக்கு வேலையில் ஒரு பூவோ இலையோ இல்லையென்றால், ஜோடிக் கதவில் அதே இடத்தில் சாட்சி இருந்தால் மட்டும் செய்யுங்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்த்தது மொத்தத்தோடு இசைந்தும், பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான் ஒவ்வொரு புதுத் துண்டின் பின்முகத்திலும் ஆண்டைச் சின்னதாகச் செதுக்குகிறேன்.

செய்யும் முன் தேடவும் வேண்டும். கழன்ற பாகங்கள் பெண்கள் மாடியிலோ பரணிலோ கிடக்கும். வெகுதூரம் போனவையும் உண்டு. மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெபக்கூடத்தின் உட்புற மரவேலை 1990-களில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது.

10. இரும்பும் பித்தளையும்

கொண்டி, நாதாங்கி, குமிழ் ஆணிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், முடியாவிட்டால் விடுங்கள். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, டானிக் அமிலக் கரைசல் தடவி, உலர்ந்ததும் தேன்மெழுகு பூசினால் போதும். பித்தளையைக் கண்ணாடி மாதிரி தேய்க்க வேண்டாம். கைபட்டு வந்த நிறத்தை மறுபடி வாங்க முடியாது.

11. எண்ணெய், பெயிண்ட்

உள்கதவு எண்ணெய்ப் பூச்சில் இருந்ததென்றால் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து முதல் கை தடவுங்கள். அரைமணி கழித்து ஒட்டாமல் துடைத்துவிடுங்கள். கேரளத்து ஈரக்காற்றில் தடியாக நிற்கும் எண்ணெயில் பூஞ்சை படரும். மூன்று நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு கை. வெட்டு முகங்களும் கதவின் அடியும் கூடுதலாகக் குடிக்கும், அங்கே தாராளமாகக் கொடுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடாகும். குவியலில் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் வாளியில் அமுக்குங்கள், அல்லது வெளியே ஒவ்வொன்றாக விரியுங்கள். மரக்கூரைக்கு அடியில் வேலை செய்கிறோம்.

12. திரும்ப மாட்டுவது

கதவு தரையில் உரசினால் உடனே அடியை இழைக்கிறார்கள். உரசலுக்குப் பெரும்பாலும் காரணம் கீழ்க் குடுமியும் குழியும் தேய்ந்து கதவு இறங்கியிருப்பதுதான். குழிக்குள் ஒரு பித்தளை வில்லையைப் போட்டுத் தூக்குங்கள். இரண்டு நூல் ஏறினாலே கதவு பழைய இடத்துக்கு வரும், தாழும் நாதாங்கியும் தாமாகப் பொருந்தும். இழைத்துவிட்டால் அந்த மரம் போனது போனதுதான்.

நான்காம் படியில் எழுதிய எட்டு இடைவெளிகளோடு ஒப்பிடுங்கள். இரட்டைக் கதவில் எது முதலில் மூடும் என்பதைப் பழைய படத்தில் சரிபாருங்கள். நிலையின் அடியில் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்து மட்டும் வையுங்கள்.

மெசூசாவைக் கடைசியாக அவர்கள் பொருத்துவார்கள். நிமிர்த்தி வைப்பதா சாய்த்து வைப்பதா என்பதில் யூதர்களுக்குள் வழக்கம் வேறுபடும். பழைய துளைகள் அந்த இடத்தின் வழக்கத்தைச் சொல்லும், அவற்றைக் காட்டிக்கொடுங்கள். தொழுகை நின்றுபோய் அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம் என்றால், அழகுக்காக ஒரு வெற்றுக் கூட்டை வாங்கி அடிக்காதீர்கள். தடத்தைத் தடமாகவே விடுங்கள்.

முதல் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பெய்து ஒரு வாரம் கழித்து மறுபடி போங்கள். ஈரமானி, ஊசிக்கோல், டார்ச் மூன்றும் போதும். நிலைக்காலின் அடி, சாய்வு ஒட்டின் கோடு, குடுமிக்குழி என்று இந்த மூன்று இடத்தையும் பார்த்து, அளவை அதே நோட்டில் எழுதிவிட்டு, நோட்டைச் சாவி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.